பெயரை அழித்தார்கள்... சில்லறையை அழிக்க முடியவில்லை! ரோமப் பேரரசர் டொமிஷியனின் கதை

கி.பி. 96, செப்டம்பர் மாதம். பேரரசர் டொமிஷியன் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்ததும் ரோம் நகரின் செனட் சபைக்கு உறுப்பினர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். துக்கம் விசாரிக்க இல்லை. ஏணி கொண்டுவரச் சொன்னார்கள். சபையில் மாட்டியிருந்த அவருடைய கேடயங்களையும் உருவங்களையும் கண்ணெதிரே பிய்த்துத் தரையில் போட்டு உடைத்தார்கள். அவர் பெயர் எங்கெல்லாம் பொறிக்கப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் செதுக்கி எடுக்க வேண்டும் என்று தீர்மானமும் போட்டார்கள்.

செதுக்கவும் செய்தார்கள். ஆனா ஒரு இடத்தில் அவர்கள் கை எட்டவில்லை. ரொட்டி வாங்கப் போனவரின் பையிலும், மதுக்கடைக்காரரின் கல்லாவிலும், எல்லையில் காவல் நின்ற சிப்பாயின் மடியிலும் டொமிஷியனின் முகம் இருந்தது. அவர் 8 வருடங்களுக்கு முன் நடத்திய ஒரு மாபெரும் திருவிழாவின் காட்சிகளும் அந்தக் காசுகளின் பின்பக்கம் இருந்தன. பித்தளையிலும் செம்பிலும் அடித்த சில்லறைக் காசுகள் அவை. ஆய்வாளர்கள் மொத்தமாக வெண்கலக் காசுகள் என்கிறார்கள்.

யார் இந்த டொமிஷியன்? ஒரு திருவிழாவை ஏன் சில்லறையில் அச்சடித்தார்?

வீட்டின் இரண்டாவது பையன்

கி.பி. 51, அக்டோபர் 24 அன்று ரோமில் மாதுளைத் தெரு என்ற பெயருள்ள பகுதியில் பிறந்தவர் டொமிஷியன். அப்பா வெஸ்பாசியன் ராணுவத் தளபதி. பெரிய பரம்பரை எதுவும் கிடையாது. அண்ணன் டைட்டஸ் 11 வயது மூத்தவர், அரண்மனையில் இளவரசரோடு சேர்ந்து படித்தவர். தம்பி வளர்ந்த காலத்தில் குடும்பத்தின் நிலைமை அப்படி இல்லை. வீட்டில் ஒரு வெள்ளிப் பாத்திரம்கூட இல்லை என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். அம்மாவும் சீக்கிரமே போய்விட்டார்.

69-ல் எல்லாம் தலைகீழானது. ஒரே வருடத்தில் நான்கு பேரரசர்களைப் பார்த்தது ரோம். அப்பாவும் அண்ணனும் யூதேயாப் போர்முனையில். அங்கே படைகள் வெஸ்பாசியனைப் பேரரசராக அறிவித்துவிட்டன. அதற்கான விலையைக் கொடுக்க ரோமில் மாட்டிக்கொண்டவர் 18 வயது டொமிஷியன். அந்த டிசம்பரில் எதிர்த்தரப்பு வீரர்கள் கேபிடல் குன்றை முற்றுகையிட்டார்கள். ஜூபிடர் கோயில் தீப்பிடித்து எரிந்தது. அவருடைய பெரியப்பா சபைனஸ் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். டொமிஷியன் கோயில் காவலாளி வீட்டில் ஒளிந்திருந்து, ஐசிஸ் தெய்வத்தின் பக்தர் போல வேஷம் போட்டு, அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பினார். பிற்பாடு ஒளிந்த அதே இடத்தில் காவல் ஜூபிடருக்குக் கோயில் கட்டினார். தெய்வத்தின் கையில்தான் தன் உயிர் இருக்கிறது என்ற எண்ணம் அவருக்குச் சும்மா வந்ததில்லை.

அதன் பிறகு? 71-ல் வெற்றி ஊர்வலம். அப்பாவும் அண்ணனும் தேரில் வர, தம்பி வெள்ளைக் குதிரையில் கூடவே வந்தார். அடுத்த 10 வருடமும் கிட்டத்தட்ட அதே கதைதான். பட்டங்கள் நிறைய கொடுத்தார்கள். அதிகாரம் கொடுக்கவில்லை. 79-ல் அப்பா இறந்து அண்ணன் வந்தார். அதே ஆண்டு வெசுவியஸ் எரிமலை வெடித்தது. 80-ல் கொலோசியம் திறக்கப்பட்டு 100 நாள் விளையாட்டுகள் நடந்தன. டைட்டஸ் அந்தக் கட்டடத்தையே காசில் அடித்து வெளியிட்டார். மாடங்கள், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஜனக்கூட்டம் எல்லாம் புள்ளிபுள்ளியாகத் தெரியும் காசு அது. தம்பி அதைக் கவனிக்காமல் இருந்திருக்க வாய்ப்பில்லை!

81, செப்டம்பர் 13 அன்று டைட்டஸ் காய்ச்சலில் இறந்தார். மறுநாள் டொமிஷியன் பேரரசர். வயது 29.

காசு விஷயத்தில் கறார்

ரோமப் பேரரசர்களில் நாணயச்சாலையை இவர் அளவுக்கு நெருங்கிக் கவனித்தவர்கள் குறைவு. வந்த அடுத்த வருடமே வெள்ளிக் காசான டெனாரியஸின் தூய்மையை உயர்த்தினார். அப்பா காலத்தில் வெள்ளியில் செம்பு கூடியிருந்தது. இவர் கிட்டத்தட்ட முழு வெள்ளியாக்கினார். கட்டுப்படியாகவில்லை. சிப்பாய்களுக்குச் சம்பளத்தை வருடத்துக்கு 225 டெனாரியஸிலிருந்து 300 ஆக உயர்த்தியிருந்தார். கட்டட வேலை, போர்ச் செலவு வேறு. 85-ல் தூய்மையைக் கொஞ்சம் இறக்க வேண்டியதாயிற்று. அப்படியும் அப்பா காலத்துக் காசைவிட நல்ல காசுதான்.

நிர்வாகத்திலும் இதே கறார்தான். நகர அதிகாரிகளும் மாகாண ஆளுநர்களும் இவர் காலத்தில் இருந்ததுபோல் நேர்மையாக வேறு எப்போதும் இருந்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறார், இவரைப் பிடிக்காத சூட்டோனியஸே.

85-ல் வாழ்நாள் தணிக்கையாளர் என்ற பதவியையும் எடுத்துக்கொண்டார். யார் செனட்டில் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று தீர்மானிக்கும் பதவி அது. இதற்கு முன்னால் யாரும் அதை ஆயுள் முழுக்க வைத்திருந்ததில்லை. செனட்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பட்டத்தையும் காசில் சுருக்கெழுத்தாக அடித்தார். தினமும் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்றுதான்.

ஆயுளில் ஒரே ஒரு தடவை

இப்போது அந்தத் திருவிழாவுக்கு வருவோம். ரோமானியர்களிடம் 'சேகுலம்' என்று ஒரு கால அளவு இருந்தது. ஒரு மனிதர் அதிகபட்சம் வாழக்கூடிய காலம். ஒரு சேகுலம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது பெரிய சடங்கு நடத்துவார்கள். முந்தைய விழாவைப் பார்த்த ஒருவரும் அடுத்ததைப் பார்க்க உயிரோடு இருக்கக்கூடாது என்பதுதான் இதன் பெருமையே. யாரும் இதுவரை பார்த்திராத, இனி பார்க்கவும் முடியாத விழா என்று சொல்லித்தான் தண்டோரா போடுவார்கள்.

கணக்குதான் கொஞ்சம் இடிக்கும். அகஸ்டஸ் கி.மு. 17-ல் நடத்தினார். சேகுலத்துக்கு 110 வருடம் என்பது அவர் கணக்கு. ஆனா கிளாடியஸ், ரோம் நகரம் உருவாகி 800 வருடம் ஆகிவிட்டது என்று வேறு கணக்குப் போட்டு கி.பி. 47-லேயே நடத்திவிட்டார். யாரும் பார்த்திராத விழா என்று தண்டோரா போட்டபோது, அகஸ்டஸ் விழாவைப் பார்த்த கிழவர்கள் உயிரோடு இருந்ததால் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள்.

டொமிஷியன் கிளாடியஸை ஒதுக்கிவிட்டு அகஸ்டஸ் கணக்கைப் பிடித்துக்கொண்டார். அதன்படி 94-ல்தான் வரவேண்டும். இவர் 88-லேயே நடத்தினார், 6 வருடம் முன்னதாக. ஏன் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. ஒன்று மட்டும் நிச்சயம். அகஸ்டஸ் வரிசையில் தன் பெயர் வர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். தேரில் வந்த அண்ணனுக்குக்கூடக் கிடைக்காத வாய்ப்பு இது.

விழா மூன்று இரவு, மூன்று பகல். அகஸ்டஸ் வகுத்த முறைப்படி, இரவில் டைபர் நதிக்கரையில் விதியின் தேவதைகளுக்கும் பிரசவ தேவதைக்கும் பூமித்தாய்க்கும் வழிபாடு. பூமித்தாய்க்குச் சினைப் பன்றி பலி. பகலில் ஜூபிடர், ஜூனோ, அப்பல்லோ, டயானா. சிறுவர் சிறுமியர் கூட்டாகப் பாடுவார்கள். சடங்கு முடிந்ததும் நாடகம், தேர்ப்பந்தயம். ஒரே நாளில் 100 பந்தயம் நடத்த வேண்டும் என்பதற்காக டொமிஷியன், ஒரு பந்தயத்துக்கு 7 சுற்று என்பதை 5 ஆகக் குறைத்தார்.

விழாவுக்கு முன்னால் ஒரு விநியோகமும் உண்டு. கந்தகம், கீல் மாதிரியான புகை போடும் பொருட்களைச் சுதந்திரக் குடிமக்கள் எல்லோருக்கும் கொடுப்பார்கள். வீட்டைச் சுத்தப்படுத்திக்கொண்டு விழாவுக்கு வர வேண்டும். அடிமைகளுக்குக் கிடையாது. பதிலுக்கு ஜனங்கள் புது விளைச்சலிலிருந்து கோதுமை, பார்லி, பயறு கொண்டுவந்து காணிக்கை செலுத்துவார்கள்.

உள்ளங்கையில் ஒரு ஆல்பம்

இதையெல்லாம் டொமிஷியன் காட்சி காட்சியாகக் காசில் அடித்தார். அகஸ்டஸும் தன் விழாவுக்குக் காசு வெளியிட்டவர்தான். ஆனா இவ்வளவு விரிவாக யாரும் செய்யவில்லை. சடங்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காசு என்று சொல்லலாம்.

செஸ்டெர்டியஸ் என்ற பெரிய பித்தளைக் காசை எடுத்துக்கொள்வோம். சுமார் 25 கிராம். நம்ம 10 ரூபாய் நாணயம் மூன்றைச் சேர்த்துப் பிடித்த எடை. ஒரு பக்கம் மாலை சூடிய டொமிஷியன். மறுபக்கம் அவர் மேடையில் உட்கார்ந்து ஒரு குடிமகனுக்குப் புகைப்பொருளைக் கொடுக்கிறார். பக்கத்தில் ஒரு குழந்தைகூட நிற்கிறது. மக்களுக்குக் கொடுக்கப்பட்டது என்று மேடையிலேயே சுருக்கமாக எழுதியிருக்கிறது. இன்னொரு காசில் தானியக் காணிக்கையை வாங்குகிறார். இன்னொன்றில் பெண்கள் மண்டியிட்டு வேண்டுகிறார்கள், எதிரே பேரரசர் நின்று மந்திரம் சொல்லிக்கொடுக்கிறார். வேறொன்றில் பூமித்தாய் சாய்ந்து படுத்திருக்க, பன்றி பலிக்குத் தயாராக இருக்கிறது.

இருப்பதிலேயே எளிமையானது 'ஆஸ்' என்ற செம்புக் காசு. பேரரசர் பலிபீடத்தின் முன் நிற்கிறார், ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவர் யாழ் மாதிரியான கருவி வாசிக்கிறார், பின்னால் கோயில். அவ்வளவுதான். விளிம்பைச் சுற்றி, 14-வது முறை கான்சலாக இருக்கும்போது நூற்றாண்டு விளையாட்டுகளை நடத்தினார் என்ற செய்தி.

ஏன் சில்லறையில்? தங்கத்திலும் வெள்ளியிலும்கூட இந்த விழா வந்தது. ஆனா வெள்ளிக் காசுகளில் சடங்கு அதிகம் இல்லை. இறகு செருகிய தலைக்கவசத்தோடு நிற்கும் தண்டோராக்காரர்தான் முக்கியமாக வருகிறார். அந்தக் காசுகள் சம்பளம், வரி, பெரிய வியாபாரம் என்று போகும். கடல் கடந்தும் போகும். கோவை வட்டாரத்தில் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் போட்ட வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தது அப்படித்தான். செம்பும் பித்தளையும் உள்ளூர்த் தெருவில் சுற்றுபவை. 4 ஆஸ் சேர்ந்தால் ஒரு செஸ்டெர்டியஸ், 4 செஸ்டெர்டியஸ் சேர்ந்தால் ஒரு டெனாரியஸ். பாம்பேயில் ஒரு மதுக்கடைச் சுவரில் இருந்த விலைப்பட்டியல்படி சாதா மது ஒரு ஆஸ், உயர்ந்த ரகம் 4 ஆஸ். ஆக, ஒரு கோப்பை குடிப்பவரும் டொமிஷியன் சாமி கும்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்!

செய்தித்தாள் இல்லாத காலத்தில் சேதி சொல்ல இதைவிடச் சுலபமான வழி இருந்திருக்காது. அதுவும் என்ன சேதி? போரில் எதிரியை மிதிக்கிற படம் இல்லை. ஜெர்மானியர்களை வென்றதாகச் சொல்லி அப்படிப்பட்ட காசுகளையும் இவர் அடித்தவர்தான். விழாக் காசுகளில் இருப்பது கொடுக்கிற, வாங்குகிற, வேண்டுகிற பேரரசர். ஜனங்களோடு ஒரே சட்டகத்துக்குள் நிற்கிறார்.

அந்தக் காசுகளில் இன்னும் இரண்டு எழுத்துகள் பெரிதாக இருக்கும். செனட்டின் தீர்மானப்படி என்பதன் சுருக்கம் அது. செம்பு, பித்தளைக் காசுகளில் அகஸ்டஸ் காலத்திலிருந்தே போட்டுவந்த பழக்கம். எட்டு வருடம் கழித்து அதே செனட் போட்ட தீர்மானம் வேறு மாதிரி இருந்தது.

கறுப்பு விருந்து

விழா முடிந்து சில மாதங்கள்தான். 89 ஜனவரியில், இன்று ஜெர்மனியில் மைன்ஸ் எனப்படும் ஊரில் ஆளுநர் சாடர்னைனஸ் கலகம் செய்தார். அங்கே ஒரே முகாமில் இரண்டு படைப்பிரிவுகள் இருந்தன. சிப்பாய்கள் முகாமில் போட்டுவைத்திருந்த சேமிப்புப் பணம்தான் கலகத்துக்கு முதலீடு. கலகம் சீக்கிரம் அடங்கியது. இனி ஒரு முகாமில் இரண்டு படைப்பிரிவு கூடாது, ஒரு சிப்பாய் முகாமில் 1000 செஸ்டெர்டியஸுக்கு மேல் சேமிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார் டொமிஷியன். நோயைச் சரியாகப் பிடித்த உத்தரவுதான். ஆனா அவர் மனதுக்குள் புகுந்த சந்தேகத்துக்கு மருந்து இல்லை.

ஒருநாள் செனட்காரர்களை ராத்திரி விருந்துக்கு அழைத்தார். முழுக்கக் கறுப்பு அடித்த அறை. ஒவ்வொருவர் பக்கத்திலும் கல்லறைக்கல் போல ஒரு பலகை, அதில் அவரவர் பெயர். இறந்தவர்களுக்குப் படைக்கும் உணவு, கறுப்புப் பாத்திரத்தில். பேரரசர் மட்டும் பேசினார், அதுவும் மரணத்தைப் பற்றியே. நடுங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். கொலைகாரர்கள் இல்லை, பரிசுகள்! விருந்தில் வைத்த அந்தப் பலகை வெள்ளி. 100 வருடத்துக்கும் மேல் கழித்து டியோ எழுதிவைத்த கதை இது. அவர் கொஞ்சம் மசாலா சேர்த்திருந்தாலும், செனட்டுக்கும் அரண்மனைக்கும் நடுவில் இருந்த பயம் எப்படிப்பட்டது என்பது தெரிகிறது.

93-க்குப் பிறகு அது விளையாட்டாக இல்லை. பழைய எதிர்ப்பாளர்களைப் புகழ்ந்து புத்தகம் எழுதியவர்கள் கொல்லப்பட்டார்கள். தத்துவவாதிகள் நாடு கடத்தப்பட்டார்கள். 95-ல் சொந்தச் சித்தப்பா, பெரியப்பா வழி உறவான கிளெமென்ஸுக்கே மரண தண்டனை. அவருடைய பிள்ளைகளைத்தான் டொமிஷியன் வாரிசாக வைத்திருந்தார். சொந்த மகன் குழந்தையிலேயே இறந்துவிட்டான். உலக உருண்டை மேல் உட்கார்ந்து நட்சத்திரங்களோடு விளையாடும் குழந்தையாக அவனையும் ஒரு காசில் அடித்திருக்கிறார். டொமிஷியன் வெளியிட்டதிலேயே மனதைப் பிசையும் காசு அதுதான்.

பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, நடைபழகும் தாழ்வாரத்தில் கண்ணாடி போலப் பளபளக்கும் கல்லைப் பதித்துவைத்தார். பிரயோஜனம் இல்லை. ஆபத்து அரண்மனைக்குள்ளேயே இருந்தது. 96, செப்டம்பர் 18. கையில் காயம் என்று சில நாட்களாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஸ்டெஃபானஸ் என்ற பணியாள், அந்தக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து வந்தார். சதி பற்றிய தகவல் என்று ஒரு தாளைக் கொடுத்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே குத்தினார். டொமிஷியனுக்கு அப்போது 44 வயது.

சின்ன வயதில் தூக்கி வளர்த்த தாதி ஃபிலிஸ்தான் உடலை எரித்தார். யாருக்கும் தெரியாமல் சாம்பலை எடுத்துப்போய், மாதுளைத் தெருவில் அவர் பிறந்த வீட்டின் இடத்தில் எழுப்பியிருந்த குடும்பக் கோயிலில், அண்ணன் மகள் ஜூலியாவின் சாம்பலோடு கலந்துவைத்தார்.

முகம் மாறிய சிலைகள்

செனட் கொண்டாடியது. ராணுவம் கொந்தளித்தது. சம்பளம் உயர்த்திக் கொடுத்தவர் இல்லையா? அடுத்த வருடமே காவல்படை புதிய பேரரசர் நெர்வாவை மிரட்டி, கொலையாளிகளைத் தங்களிடம் ஒப்படைக்க வைத்தது. பொதுமக்கள் இரண்டு பக்கமும் சேரவில்லை. அழவும் இல்லை, ஆடவும் இல்லை.

சிலைகளில் எல்லாவற்றையும் உடைக்கவில்லை, சிலவற்றை மறுபயன்பாடு செய்தார்கள். மிசெனம் துறைமுகத்தில் குதிரை மேல் இருந்த டொமிஷியனின் வெண்கலச் சிலைக்கு முகத்தை மட்டும் எடுத்துவிட்டு நெர்வாவின் முகத்தை ஒட்டினார்கள். நேப்பிள்ஸ் அருகே பாயா அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். வாட்டிகனில் உள்ள ஒரு பளிங்குச் சிற்பத்திலும் இதே வேலைதான். பெரிய உடம்பு, கொஞ்சம் சின்னதாகிப்போன தலை.

காசை என்ன செய்வது? கிழக்கு மாகாணங்களில் சில ஊர்க் காசுகளில் முகத்தையும் பெயரையும் சுரண்டியிருக்கிறார்கள். ரோமின் சில்லறையில் அது நடக்கவில்லை. பேரரசு முழுக்கப் பரவிப்போன காசைத் திரும்ப வாங்கி உருக்கினால் மறுநாள் சந்தையில் சில்லறை இருக்காது. ஒரு பேரரசரை வெறுக்கலாம், அவர் அடித்த பித்தளையை வேண்டாம் என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது. அந்தக் காசுகள் அடுத்த பல பத்தாண்டுகள் கைமாறிக் கைமாறித் தேய்ந்தன.

எழுத்தில் அவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவரைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் டாசிட்டஸ். அவருடைய மாமனார் அக்ரிகோலாவை பிரிட்டன் போர்முனையிலிருந்து திருப்பி அழைத்தவர் டொமிஷியன், அந்தக் கோபம் வேறு. கொடுங்கோலன் என்று இன்றுவரை நிற்கும் பிம்பத்தை வடித்ததில் பெரும்பங்கு டாசிட்டஸுடையது. எழுதியதில் பொய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, செத்தவர்கள் நிஜமாகவே செத்தார்கள். ஆனா அதே டாசிட்டஸ் 88-ல் அந்த விழாவை நடத்திய பூசாரிக் குழுவில் ஒருவர். கூடவே பிரேட்டர் பதவியிலும் இருந்தார். அந்தச் சடங்குகளைத் தானே பொறுப்பாகக் கவனித்ததாகப் பின்னாளில் குறிப்பும் எழுதியிருக்கிறார். டொமிஷியன் கொடுத்த பதவிகளில்தான் அவர் மேலே வந்தார்.

அகஸ்டஸின் விழாவுக்கு நீளமான கல்வெட்டு உண்டு. 1890-ல் டைபர் கரையில் கிடைத்தது. 204-ல் செவரஸ் நடத்திய விழாவுக்கும் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. நடுவில் நடந்த டொமிஷியன் விழாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த மூன்று நாளில் யார் எங்கே நின்றார்கள், என்ன வாத்தியம் வாசித்தார்கள், யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால், மதுக்கடையில் கைமாறிய அந்தச் செம்பையும் பித்தளையையும்தான் ஆய்வாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் அவை வரிசையாக இருக்கின்றன. டொமிஷியனின் பெயரும், செனட்டின் அந்த இரண்டு எழுத்தும் ஒரே காசில்.